சைலன்சரா, இன்ஜினா, ஸ்ப்ராக்கெட்டா: வேலூர்ச் சாலைகளில் ஓடும் 350 சிசி வண்டிக்கு எதில் செலவு செய்வது?

வேலூரில் புல்லட் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போய்ச் சைலன்சர் மாற்ற வேண்டும் என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவர்கள் மனத்தில் மூன்று ஆசைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சத்தம் கனமாக வர வேண்டும். ஏலகிரி ஏறும்போது பிக்கப் வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது வண்டி திணறக் கூடாது. இம்மூன்றையும் தீர்மானிக்கிற பாகங்கள் வண்டியில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்றுக்காகப் போடும் பணம் மற்றொன்றைத் தரும் என்று நம்பிச் செலவு செய்தவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஆகவே எதற்காக மாற்றுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொண்டு, பிறகு எதை மாற்றுவது என்று பார்ப்பதே சரியான வரிசை.

ஒப்பிடுவதற்கு இங்கே அதிகம் ஓடும் ராயல் என்ஃபீல்டு 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். பிஎஸ்4 என்ற புகை விதி இருந்த காலத்துக் கிளாசிக் மாடலில் இருந்த யூசிஇ என்ற இன்ஜின் 346 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்தது, 5,250 ஆர்பிஎம்மில் 19.8 குதிரைத்திறனும் 4,000 ஆர்பிஎம்மில் 28 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்கு விசை) தருவது. 2020-இல் மீட்டியோருடன் அறிமுகமாகி, 2021-இல் கிளாசிக்குக்கும் வந்த ஜே வரிசை இன்ஜின் 349 சிசி. பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டது. 6,100 ஆர்பிஎம்மில் 20.2 குதிரைத்திறனும் 4,000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டரும் தருவது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பலம் கொண்டவை என்றாலும், சைலன்சர் மாற்றத்தை இரண்டும் ஏற்கும் விதம் முற்றிலும் வேறானது.

எந்த மாற்றத்துக்கும் முன்னால் வண்டி தன் சொந்த பலத்தையாவது முழுமையாகத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பிக்கப் இல்லை என்று பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பலவற்றின் குறை, தேய்ந்த கிளட்ச் பிளேட், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், இறுகிப் பிடிக்கும் பின் பிரேக், தளர்ந்த செயின் ஆகியவற்றிலேயே இருக்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பு நம் ஊர் வெயிலில் காய்ந்து மயிரிழை போல வெடித்திருந்தால், அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கும். சிலிண்டர் ஹெட்டும், அதிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் கரும்புகைக் கறை படிந்திருந்தால் அங்குள்ள கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு நல்ல சைலன்சரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. இதைச் செய்யாமல் புதுச் சைலன்சர் போட்டு, வண்டி முன்பைவிடச் சத்தமாகத் திணறுவதைக் காண்பது வருத்தமாகவே இருக்கிறது.

இனி சைலன்சர். சந்தையில் கிடைப்பவற்றை இரண்டு இனமாகப் பார்க்கலாம். பெண்ட் பைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் ஒரு வகை. பெண்ட் பைப்போடு சேர்த்து முழுவதையும் மாற்றும் ஃபுல் சிஸ்டம் மற்றொரு வகை. ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், பஞ்சாப், கோல்ட்ஸ்டார், டால்ஃபின் என்று நம் கடைகளில் பெயர் சொல்லித் தொங்கவிட்டிருப்பவை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் சில, உள்ளே தடுப்பு ஏதுமில்லாத வெறும் குழாய்கள். சிலவற்றில் துளையிட்ட குழாயைச் சுற்றி கிளாஸ் வுல் பொதிந்திருக்கும். வாங்கும்போது பின்வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும். கிளாஸ் வுல் நாளடைவில் எரிந்து பறந்துபோவதால், முதல் மாதத்தில் கம்பீரமாக இருந்த சத்தம் போகப்போகத் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஆவதும் இந்த வகையில் வழக்கமே.

சைலன்சர் பலத்தை எப்படிக் கூட்டுகிறது என்பதில் பட்டறைகளில் இரண்டு எதிரெதிரான கருத்துகள் உலவுகின்றன. தடையே இல்லாமல் புகை வெளியேறினால் பலம் கூடும் என்பார் ஒருவர். கொஞ்சமாவது தடை இருந்தால்தான் பிக்கப் வரும் என்பார் இன்னொருவர். உண்மை இரண்டுக்கும் சற்று விலகி நிற்கிறது. இன்ஜினுக்குத் தடையால் எந்த நன்மையும் இல்லை; அதற்கு வேண்டியது புகையின் வேகம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அது குழாய் விரியும் இடத்தை அடைந்ததும் குறைந்த அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு கணத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதுக் கலவையை உள்ளே வரவழைக்கும். குழாயின் நீளமும் விட்டமும் எந்த ஆர்பிஎம்முக்குப் பொருந்துகிறதோ அங்கேதான் இந்த உதவி கிடைக்கும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகையின் வேகம் குறைந்து, 2,000 முதல் 3,500 ஆர்பிஎம் வரையிலான இழுவை சோர்ந்துபோகும். புல்லட்டை நாம் ஓட்டுவது பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான்.

நன்றாக வடிவமைத்த ஸ்லிப்-ஆன் ஒன்றினால் 20 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினில் ஒரு குதிரைத்திறன் கூடுவதாகவே வைத்துக்கொள்வோம். அது 5 சதவீதம். ஆனால் 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரியில் இருக்கும் காற்று ஏறத்தாழ 5 சதவீதம் அடர்த்தி குறைந்தது; அந்த அளவுக்குச் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனும் குறையும். அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் காட்பாடி மேம்பாலத்தில் வண்டி ஓட்டும்போது, சைலன்சர் கொடுத்ததை வெயில் எடுத்துக்கொண்டுவிடும். நெடுஞ்சாலையிலும் கணக்கு இதேதான். காற்றின் எதிர்ப்பைத் தாண்டத் தேவைப்படும் பலம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்வதால், 110 கிலோமீட்டர் போகும் வண்டிக்கு 5 சதவீதப் பலம் கூடினால் அதன் வேகம் 112-ஐக்கூட எட்டாது. எடை குறைவது மட்டும் உறுதியான பலன். கம்பெனிச் சைலன்சர் இரட்டைச் சுவரும் உள்ளறைகளும் கொண்டு கனமாக இருப்பதால், மாற்றும்போது சில கிலோ இறங்கும்.

சைலன்சரைத் திறந்துவிட்டு எரிபொருளைக் கவனிக்காமல் விடுவதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது. புகை எளிதாக வெளியேறினால் காற்று அதிகமாக உள்ளே வருகிறது; பெட்ரோல் அதே அளவில் இருந்தால் கலவை மெலிந்துபோகிறது. ஆக்ஸிலரேட்டரை மூடியதும் பின்னால் படபடவென்று வெடிப்பதைச் சிலர் அழகென்று ரசிக்கிறார்கள். கலவை மெலிந்ததாலோ, இணைப்பில் காற்று கசிவதாலோ, எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிவதன் ஓசை அது. சத்துவாச்சாரிப் பட்டறை ஒன்றில், ஷார்ட் பாட்டில் போட்டுச் சில மாதம் ஓடிய ஒரு கிளாசிக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளிர் பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான் பகுதி சுண்ணாம்பு போல வெளுத்து, அதன் மேல் சிறுசிறு மணிகளாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதைத் துணியில் வைத்து நீட்டி, "இன்னா தம்பி, பாத்தியா? சூடு தாங்காம வெந்து கெடக்குது. சத்தம் மட்டும் கேட்டா போதுமா?" என்றார். அந்தத் தம்பி வண்டியை வாங்கிய நாளிலிருந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றவே இல்லை.

கார்புரேட்டர் வண்டியில் இதற்குத் தீர்வு எளிது. மெயின் ஜெட்டை ஓரிரு எண் பெரிதாக்கி, தேவைப்பட்டால் பைலட் ஜெட்டையும் மாற்றி, ஓட்டிப் பார்த்துப் பிளக்கின் நிறத்தைக் கவனித்துச் சரிசெய்துகொள்ளலாம். பொறுமையுள்ள மெக்கானிக்கும் ஒரு நாள் நேரமும் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ என்ற கணினிக்குச் சொல்கிறது. ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. நிதானமாக ஓட்டும்போது இந்தத் திருத்தம் வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் முறுக்கும்போது ஈசியூ சென்சாரைப் பார்க்காமல், கம்பெனி எழுதிவைத்த அட்டவணையையே பின்பற்றும். ஆகவே மெலிந்த கலவையின் ஆபத்து அதிகச் சுமையில்தான் வருகிறது. இப்போது நாம் நிரப்பும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று போதும் என்றால், எத்தனாலுக்கு 9 பங்குதான். எனவே இ20 எரிபொருளில் அதே ஜெட்டுடன் ஓடும் பழைய கார்புரேட்டர் வண்டி ஏற்கெனவே சற்று மெலிந்துதான் ஓடுகிறது. அதன்மேல் தடை குறைந்த ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டால் இரண்டு குறைகளும் ஒரே திசையில் கூடிவிடும்.

ஏர் ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழுவி எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர் நீண்ட நாள் உழைக்கும். தனியாகப் போட்டால் பலத்தில் வேறுபாடு தெரியாது. அமிர்தி, ஜவ்வாதுமலைப் பக்கம் மண்சாலைகளில் அடிக்கடி போகிறவர் கம்பெனிக் காகித ஃபில்டரையே காலம் தவறாமல் மாற்றுவது நல்லது. பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்ஜினின் சூட்டுக் காற்றையும் மழைநீரையும் அது நேராக உள்ளே இழுக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சரும் ஃபில்டரும் மாற்றுகிறவருக்கு மூன்றாவதாக ஒரு செலவு இருக்கிறது. ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் பொருத்தி எரிபொருள் அளவைத் திருத்தும் பிக்கிபேக் கருவிகள் உண்டு. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக், ஃப்யூயல்எக்ஸ் ஆகியவை இந்த வகையில் நம் பக்கத்தில் அதிகம் தெரிந்தவை. சரியான மேப்புடன் (எரிபொருள் அளவு அட்டவணை) இது பொருத்தப்பட்டால் வண்டி சீராக ஓடும், சூடு குறையும், நடு ஆர்பிஎம்மில் இழுவை தெளிவாகும். என் மதிப்பீட்டில், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்ட இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இதைத் தவிர்க்க முடியாத செலவாகவே கருத வேண்டும். ஆகவே சைலன்சரின் விலையைக் கேட்கும்போதே இந்தக் கருவியின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டவுடன் பலர் மனம் மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

பிக்கப்தான் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட். முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை 14 ஆக்கும்போது எல்லா கியரிலும், எல்லா ஆர்பிஎம்மிலும், பின்சக்கரத்துக்கு வரும் இழுவை 7 சதவீதம் கூடுகிறது. இந்தச் சீரான கூடுதலை எந்தச் சைலன்சரும் தராது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் வண்டி தவிக்கும் அந்த இடம் இதனால் சரியாகிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைவதையும் நினைத்துப் பார்த்தால், மலைப்பாதையில் கியர் விகிதத்தின் மதிப்பு இன்னும் விளங்கும். இதன் விலை நெடுஞ்சாலையில் தெரியும்: அதே வேகத்துக்கு இன்ஜின் 7 சதவீதம் வேகமாகச் சுழலும், அதிர்வும் பெட்ரோலும் கூடும். நாள்தோறும் ராணிப்பேட்டை, வாலாஜா, காஞ்சிபுரம் என்று நெடுஞ்சாலையிலேயே போகிறவர் இதற்கு நேர்மாறாக 16 பல் போட்டுக்கொண்டால், இன்ஜின் 6 சதவீதத்துக்கு மேல் மெதுவாகச் சுழன்று அமைதியாக ஓடும். மேட்டில் மட்டும் ஒரு கியர் இறங்க நேரிடும். பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் இன்னும் நுட்பமாக அளவைத் தேர்ந்துகொள்ளலாம். செயினின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் எழுதியிருக்கும் எதையும் இந்த மாற்றம் தொடாது. பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

இதற்கு மறுகோடியில் இருப்பது இன்ஜினைத் திறந்து செய்யும் வேலை. ஹெட்டைத் தேய்த்துக் கம்ப்ரஷனை உயர்த்துவது, வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றுவது, சிலிண்டரைப் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடுவது ஆகியவற்றால் பலம் உண்மையாகவே கூடும். ஆனால் அந்தப் பலத்தைத் தாங்க வேண்டிய கிராங்க், பேரிங், கிளட்ச், கியர்பாக்ஸ் யாவும் பழையவையே. யூசிஇ இன்ஜினின் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். 5,250 ஆர்பிஎம்மில் அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15.75 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கேம் மாற்றி அதை 6,500-க்கு விரட்டினால் அந்த வேகம் 19.5 மீட்டர் ஆகும். கம்பெனி நினைத்துப் பார்க்காத எல்லை அது. காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜினில் கம்ப்ரஷனை உயர்த்தினால், மே மாதத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து போகும்போது, கலவை தாறுமாறாக எரிந்து தட்டும் நாக்கிங் வரும். நல்ல லேத் பட்டறையும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளியை மைக்ரோமீட்டரில் அளந்து பொருத்தும் கைத்திறனும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பந்தயத்துக்கென்று தனி வண்டி வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். அலுவலகம் போய் வர அதே வண்டியை நம்பியிருப்பவருக்குப் பொருந்தாது.

பெரிய இன்ஜின் வேலைக்குத் தொகை ஒதுக்குகிறவர் இன்னொரு வழியையும் எடை போட வேண்டும். இருக்கும் வண்டியை விற்று, அந்தத் தொகையையும் சேர்த்து, பலமான வண்டிக்கே மாறிவிடலாம். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 கம்பெனியிலிருந்து வரும்போதே 47 குதிரைத்திறனும் 52 நியூட்டன் மீட்டரும் தருகிறது; 350-இன் பலத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதற்கேற்ற பிரேக்கும் சட்டகமும் வாரன்டியும் இன்ஷூரன்ஸும் அதனுடனேயே வருகின்றன. நெடுஞ்சாலையில் முந்தும் பலம் மட்டுமே ஒருவருடைய தேவை என்றால், இதைவிட நேரான வழி எதுவும் இல்லை.

கடைசியாகச் சத்தமும் சட்டமும். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் விதிக்கப்பட்ட ஒலி வரம்பு 80 டெசிபல். ஒலியின் ஆற்றல் இரட்டிப்பானால் அளவு 3 டெசிபல்தான் உயரும் என்பதால், எண்ணில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு தெருவில் பெரிதாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, புகை வரம்பு மீறலுக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தகுதி நீக்கமும் உண்டு. சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று தனியாக இருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை வெட்டி எறியும் ஃபுல் சிஸ்டமும், சிசியை மாற்றும் போரிங்கும் இந்தச் சிக்கலை நேராக வரவழைக்கும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் தகராறு வரும்.

சட்டத்தை விடவும் எனக்கு முக்கியமாகப்படுவது நம் ஊரின் நிலை. சிஎம்சி மருத்துவமனையை நம்பி அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஐடா ஸ்கடர் சாலையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க வழிசெய்யும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், அத்தகைய மண்டலத்துக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தடுப்பில்லாத குழாயோடு இரவு பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் போகிற வண்டியால் யார் தூக்கம் கெடுகிறது என்பதை நினைத்தால், வெறும் குழாய் வகையை ஒப்பீட்டிலேயே சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. கனமான, தாழ்ந்த சத்தம் விரும்புகிறவர் வண்டிக் கம்பெனியே தன் உதிரிப்பாகப் பட்டியலில் அங்கீகரித்து விற்கும் சைலன்சரை வாங்கலாம். வெளிச் சைலன்சர்தான் என்றால் சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லர் உள்ளதாக வாங்கி, அதைக் கழற்றாமல் ஓட்ட வேண்டும்.

ஆக, 2017-க்கு முன்பின் வந்த கார்புரேட்டர் கிளாசிக் வைத்திருந்து, வார இறுதியில் ஏலகிரிக்கோ ஜமுனாமரத்தூருக்கோ போகிறவர் என்றால், முதலில் பழுது நீக்கி, இ20-க்கு ஏற்ப ஜெட்டைச் சரிசெய்து, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் சைலன்சர் வேண்டும் என்றால் ஸ்லிப்-ஆன் போடட்டும். ஜே வரிசை வண்டி வாரன்டிக்குள் இருந்தால், கம்பெனி அங்கீகரித்த சைலன்சர் தவிர வேறெதையும் தொட வேண்டாம். வாரன்டி முடிந்தபின் மாற்றுகிறவர் சைலன்சரையும் எரிபொருள் கருவியையும் ஒரே நாளில் போட வேண்டும், ஒன்றை முதலில் போட்டு மற்றொன்றைத் தீபாவளி போனஸுக்குத் தள்ளக் கூடாது. இன்ஜினைத் திறக்கும் எண்ணம் உள்ளவர், அதற்கு முன்பு ஒரு 650-ஐ இரவல் வாங்கிப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

எதை மாற்றினாலும் கழற்றிய கம்பெனிச் சைலன்சரைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடக் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் நீரை வடித்து, இணைப்பு வாயில் கொஞ்சம் எண்ணெய் தடவி, துணியால் அடைத்து, சாக்கில் சுற்றி வைத்துவிட்டால் பல ஆண்டு கெடாது. புகைச் சான்று எடுக்கும்போதும், வண்டியை விற்கும்போதும், எஃப்சி காட்டும்போதும் கேட்பது அதைத்தான்.